குறியீடு பதினான்கு

அந்தக் குரல் இரண்டே சொற்கள்தான் பேசியது. "கண்ணக் கட்டுது." அதற்குப் பிறகு மூச்சு வாங்கும் சத்தம், பின்னால் எங்கோ காற்று. அத்துடன் பதிவு முடிந்துவிட்டது.

பியூலா அடுத்ததை ஓடவிட்டாள். அதே குரல், மறுநாள். "கண்ணக் கட்டுது." அதற்கும் மறுநாள். நடுவே ஒரு நாள் மட்டும் குரல் கொஞ்சம் கோபமாக, "நேத்து சொன்னதுதான்" என்றது. திரையில் ஒவ்வொரு பதிவின் ஓரத்திலும் ஒரே எண் இருந்தது. குறியீடு 14.

இரண்டாயிரத்து ஐம்பத்தாறாம் வருடம், பங்குனி மாதம். சென்னையில் பதினோராவது மாடியில், சால்வை போர்த்திக்கொண்டு வேலை செய்ய வேண்டிய அளவுக்குக் குளிரூட்டப்பட்ட அறையில் அவள் உட்கார்ந்திருந்தாள். அவளுடைய வேலை கேட்பது. மாநிலம் முழுக்க வெயிலில் உழைக்கிறவர்களிடம் தினமும் வேலை முடியும் நேரத்தில் ஒரு இயந்திரக் குரல், "இன்று தங்கள் உடல்நிலை எப்படி?" என்று விசாரிக்கும். அவர்கள் சொல்வதைக் குறியீடாக மாற்றி 'அரண்' என்ற பெரிய கணிப்பு மாதிரிக்குள் போடுவார்கள். இன்னும் பத்து வருடத்தில், இருபது வருடத்தில், இந்த வெப்பம் எந்த ஊர் மனிதனை என்ன செய்யும் என்று அரண் சொல்லும். எந்த ஊரில் எவ்வளவு வெப்பம் வந்தால் வேலையை நிறுத்திச் சங்கு ஊத வேண்டும் என்பதையும் அதுவே முடிவு செய்யும். சட்டம் அப்படி.

அந்தக் குரலுக்குப் பெயர் இல்லை. எண் 3117. பெண். வயது நாற்பத்து நான்கு. தூத்துக்குடிக்கு வடக்கே கீழத்தளம் உப்பளம்.

மாதிரியைக் கட்டிப் பராமரிக்கிற இம்தியாஸ் இரண்டு டீயோடு வந்தான்.

"இம்தியாஸ், பதினாலுன்னா என்ன?"

"கண். எரிச்சல், புரை, பார்வை மங்கல், எல்லாம் அதுல வரும்."

"'கண்ணக் கட்டுது'ன்னா உங்க ஊர்ல என்ன அர்த்தம்?"

அவன் வாணியம்பாடிக்காரன். "எங்க ஊர்ல என்ன, எல்லா ஊர்லயும் அதானே. தலை சுத்தி, கண்ணு இருட்டிக்கிட்டு, இப்ப விழுந்துடுவோம்ங்கிற மாதிரி..." பாதியில் நிறுத்தினான். டீயை மேஜையில் வைத்தான். "யா அல்லா."

எட்டு வருடத்துக்கு முன்னால் சொற்பட்டியலை வெளியே ஒரு கம்பெனியிடம் கொடுத்துச் செய்தார்களாம். 'கண்' என்று தொடங்குவதெல்லாம் கண் பிரிவுக்குப் போயிருக்கிறது.

"தமிழ் தெரிஞ்ச ஒருத்தர்கூடப் பார்க்கலையா?"

"நாங்க பார்க்கிறது குறியீட்டை, பியூலா. சொல்லை யார் பார்க்கிறா? நீங்க வர்றதுக்கு முன்னாடி குரலைக் கேட்க ஆளே கிடையாது."

பிறகு அவன் மெல்லிய குரலில் விளக்கினான். அரண் அளப்பது வெயிலை அல்ல, ஈர வெப்பத்தை. ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டும் அளவு அது. வியர்வை காய்ந்து உடம்பைக் குளிர வைக்க முடியுமா முடியாதா என்று அதுதான் சொல்லும். எல்லா ஊருக்கும் இருபத்தொன்பது டிகிரியில் சங்கு. உப்பளங்களுக்கு மட்டும் முப்பத்திரண்டு.

"ஏன் அவங்களுக்கு மட்டும்?"

"எட்டு வருஷமா உப்பளத்துல வெப்ப மயக்கம் ஒண்ணுகூடப் பதிவாகலை. அவ்வளவு வெயில்ல மயக்கமே வரலைன்னா அரண் என்ன நினைக்கும்? உடம்பு பழகிடுச்சுன்னு நினைக்கும். வெள்ளிக்கிழமை போற அறிக்கையில எல்லையை முப்பத்துமூணுக்கு ஏத்தறோம். அஞ்சு வருஷத்துக்கு அதுதான் சட்டம்."

"மாத்த முடியாதா?"

"திருத்தப் படிவம் ஒண்ணு இருக்கு. இயக்குநர் கையெழுத்து வேணும். போட்டுட்டார்னா அந்தச் சொல் எங்கெங்க இருக்கோ, எட்டு வருஷமும் ஒரே மூச்சுல மாறிடும். ஒண்ணை மட்டும் தனியா மாத்தவும் முடியாது. ஒரு சொல்லுக்கு ஒரு குறியீடுதான்."

இயக்குநர் சத்தியசீலன் நல்லவர் என்று பெயரெடுத்தவர். கடைநிலை ஊழியரையும் 'வாங்க' என்றுதான் கூப்பிடுவார். உலக மாநாடுகளில் அவர் பேசிய பேச்சுக்கு ஒரே சாரம்தான்: மனித உடம்பு தோற்காது, பழகிக்கொள்ளும். அதற்கு அவர் காட்டும் அத்தாட்சி தூத்துக்குடி உப்பளத்துப் பெண்கள்.

பியூலா சொன்னதை முழுக்கக் கேட்டார். படிவத்தை அவள் பக்கமே தள்ளினார்.

"ஒரு பேச்சு வழக்குக்காக எட்டு வருஷ அறிவியலைக் கலைக்கச் சொல்றீங்களாம்மா? அவங்களுக்குக் கண் பிரச்சினை நிஜமாவே இருக்கு. உப்போட வெளிச்சம் அப்படி. அதுக்குத்தான் கருப்புக் கண்ணாடி கொடுத்தோம்."

"சார், அவங்க சொல்றது மயக்கத்தை."

"மயக்கம்னா மயக்கம்னு சொல்ல மாட்டாங்களா? தமிழ்ல அந்த வார்த்தை இல்லையா என்ன?" அவர் சிரித்தார். "எட்டு வருஷத்துல ஒரு பெண்கூட அந்த வார்த்தையைச் சொல்லலையே, ஏன்? அதுக்குப் பதில் கொண்டு வாங்க. கையெழுத்துப் போடறேன்."

அந்தச் சிரிப்பு லிஃப்ட் வரை அவள் கூடவே வந்தது. ஆனால் கேள்வி நியாயமான கேள்விதான். அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலூட்டியது.

*

மறுநாள் பதினொரு மணிக்கு அவள் கீழத்தளத்தில் இருந்தாள். பாத்தி பாத்தியாக வெள்ளைத் தண்ணீர், வானத்தை அப்படியே கீழே விரித்த மாதிரி. கண்ணைத் திறக்க முடியவில்லை. பாத்திகளுக்குள் பெண்கள் வாருபலகையால் உப்பை இழுத்துக் கொண்டிருந்தார்கள். ஓரத்தில் ஒரு தகரக் கொட்டகை; அதன் கூரைமேல் சங்கு. சங்கின் வாய்க்குள் குருவி கூடு கட்டியிருந்தது.

"அது ஊதுறதே இல்ல பாத்துக்கிடுங்க. அதனால குருவிக்குத் தொந்தரவு இல்ல" என்றது ஒரு குரல்.

பியூலா சட்டென்று திரும்பினாள். அந்தக் குரலை அவளுக்குத் தெரியும். "நீங்க மூவாயிரத்து நூத்திப் பதினேழா?"

அந்தப் பெண் இடுப்பில் கை வைத்துப் பார்த்தாள். "எங்க அம்மையும் அய்யனும் ஜெபக்கனின்னு பேர் வச்சாவ. நம்பர் நீங்க வச்சது."

பியூலாவுக்கு முகம் சுட்டது. வெயிலால் மட்டுமல்ல.

அவள் வந்த காரியத்தைச் சொன்னதும் ஜெபக்கனி மற்றவர்களைக் கூப்பிட்டாள். "ஏட்டி, வாங்க. கண்ணாடி கொடுத்த ஆபீசிலருந்து வந்திருக்காவ." தண்ணீர் குடிக்கிற சாக்கில் ஏழெட்டுப் பேர் கொட்டகைக்குள் வந்தார்கள்.

"கண்ணாடியா? என் மவன் அதப் போட்டுக்கிட்டு நாடகத்துல வில்லனா நடிச்சான்" என்றாள் ஒருத்தி.

"கண்ணாடியப் போட்டா வேர்வை உள்ள இறங்கி ஒண்ணுந் தெரியல. விழுறது கொஞ்சம் ஸ்டைலா விழலாம், அவ்வளவுதான்" என்றாள் பேச்சித்தாய். அவளுக்கு அறுபத்து மூன்று வயது. அந்த அளத்திலேயே மூத்தவள்.

பியூலா கேட்டாள். "நீங்க ஏன் யாருமே மயக்கம்னு சொல்றதில்லை?"

சிரிப்பு நின்றது. எல்லோரும் ஜெபக்கனியைப் பார்த்தார்கள்.

கொட்டகைச் சுவரில் ஒரு மரப்பெட்டி. அதற்குள் விசாரிப்புக் கருவி. ஜெபக்கனி அதைக் காட்டினாள்.

"அது வந்த முத வாரம். நான் பாத்தியிலயே விழுந்துட்டேன். வேலை முடிஞ்சதும் இது கேட்டுது, உடம்பு எப்படின்னு. மயக்கம் வந்துட்டுன்னு சொன்னேன். எல்லாரும் வரிசையில நிக்காவ. கங்காணி நிக்கான். அம்புட்டுப் பேருக்கும் கேக்கிற மாதிரி அது கேக்கு, 'தங்களுக்குக் கடைசியாக மாதவிலக்கு வந்த தேதி என்ன'ன்னு."

ஜெபக்கனி பெட்டிக்கு முதுகைக் காட்டி நின்றாள்.

"எம் புருசன் செத்து அப்பதான் ரெண்டு வருசம். கங்காணி சிரிச்சான் பாருங்க, அந்தச் சிரிப்பு... மூணாம் நாளு நர்சம்மா வீட்டுக்கே வந்துட்டா, கர்ப்பமான்னு பாக்கணும்னு. தெருவே வாசல்ல நின்னுச்சு. எம் மவ அன்னைக்குப் பள்ளிக்கூடத்துலருந்து அழுதுக்கிட்டு வந்தா." அவள் தலைத்துணியை இறுக்கிக் கட்டினாள். "அதுக்கப்புறம் இந்த அளத்துல ஒருத்தி வாயிலயும் அந்த வார்த்தை வரல. கன்னி கழியாத பிள்ளைக இருக்கு, தாலி அறுத்தவ இருக்கு. யாரு சொல்லுவா? பக்கத்து அளத்துக்கும் சேதி போயிட்டு. எல்லாரும் கண்ணக் கட்டுதுன்னே சொல்லிக்கிட்டோம். தமிழ்க்காரனுக்குப் புரியாமலா போயிரும்னு நினைச்சோம்."

பொம்பளைக்கு மயக்கம் வந்தால் பிள்ளை என்று நினைப்பது ஊர் வழக்கம். யாரோ அந்த வழக்கத்தையும் சேர்த்து இயந்திரத்துக்குக் கற்றுக் கொடுத்திருந்தார்கள்.

இரண்டு மணிக்கு வேலை முடிந்து பெண்கள் பெட்டி முன் வரிசையில் நின்றார்கள். நாற்பத்தொரு எண்கள். இயந்திரம் ஒவ்வொன்றாகக் கூப்பிட்டது. 3117, ஜெபக்கனி. அடுத்தது, "மூவாயிரத்து நூற்றுப் பதினெட்டு. இன்று தங்கள் உடல்நிலை எப்படி?"

யாரும் முன்னால் போகவில்லை. பத்து விநாடி கொட்டகையில் காற்று மட்டும் கேட்டது. சில பெண்கள் தலையைக் குனிந்து கொண்டார்கள்.

"நன்றி. தங்களுக்குக் குறை எதுவும் இல்லை" என்றது இயந்திரம்.

"யார் அது?" என்று பியூலா கிசுகிசுத்தாள்.

"சூசையம்மா. எனக்கு மைனி முறை" என்றாள் ஜெபக்கனி. "போன சித்திரையில அந்த மூணாவது பாத்தியில விழுந்தா. எந்திரிக்கல. பதினோரு நாளா சொல்லிக்கிட்டேதான் இருந்தா, கண்ணக் கட்டுது கண்ணக் கட்டுதுன்னு. செத்த பொறவு தினமும் இது அவளக் கூப்பிடுது. குறை ஒண்ணும் இல்லைங்குது." அவள் குரல் உடைந்து, உடனே கடினமானது. "அதுமட்டும் உண்மைதான். இப்ப அவளுக்கு என்ன குறை?"

பதில் சொல்லாவிட்டால் குறை இல்லை. இறந்தவர்கள்தான் அரணுடைய ஆரோக்கியமான மனிதர்கள்.

இயக்குநரின் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. ஆனால் இதைக் கொண்டு போய்ச் சொன்னால் அவர், 'ஒரு பெண்ணோட கதைம்மா இது' என்பார். வெள்ளிக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள்தான்.

"நாளைக்கு நீங்க எல்லாரும்..." என்று தொடங்கி நிறுத்தினாள். அதைக் கேட்க அவளுக்கு என்ன உரிமை இருக்கிறது?

பேச்சித்தாய்க்குப் புரிந்துவிட்டது. "மயக்கம்னு சொல்லணும். அதானே?"

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஒரு இளம்பெண், "எனக்கு ஆவணியில கல்யாணம் மதினி" என்றாள், அழுகிற குரலில்.

"ஒருத்தி சொன்னாத்தானட்டி அசிங்கம்" என்றாள் ஜெபக்கனி. "நாப்பது பேரும் சொன்னா? கங்காணி எத்தனை பேரப் பாத்துச் சிரிப்பான்? வாயி வலிச்சுப் போவும்."

*

மறுநாள் இரண்டு மணிக்கு ஜெபக்கனி பெட்டி முன் நின்றாள். கங்காணி வாசலில் சாய்ந்திருந்தான்.

"மயக்கம் வருது."

"தங்களுக்குக் கடைசியாக மாதவிலக்கு வந்த தேதி என்ன?"

"பங்குனி அஞ்சு. எழுதிக்கோ. மயக்கம் வருது."

பின்னாலேயே மற்றவர்களும். கல்யாணப் பெண் கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள். பேச்சித்தாயின் முறை வந்தது. "கடைசித் தேதியா? உங்க ஆத்தா உன்னப் பண்ணுறதுக்கு முன்னால" என்றாள் அவள். கொட்டகை அதிர்ந்தது. கங்காணி சிரிக்கவில்லை. வெளியே போய்விட்டான்.

அன்று மாலை அரணின் சிவப்பு விளக்கு எரிந்தது. கீழத்தளம் உப்பளம்: ஒரே நாளில் நாற்பது கர்ப்பங்கள். ஒருவருக்கு வயது அறுபத்து மூன்று. துறைச் செயலகத்திலிருந்து இயக்குநருக்கு நேரடியாக அழைப்பு வந்ததாம். இம்தியாஸ் போனில் சிரிப்பும் பயமுமாகச் சொன்னான். "கிளம்பிட்டார் பியூலா. நீங்கதான் சொல்லிக் கொடுத்தீங்கன்னு நிரூபிக்கப் போறாராம். உங்க வேலைக்கும் ஆபத்து, பார்த்துக்கோங்க."

*

வியாழக்கிழமை பன்னிரண்டு மணிக்குக் கார் வரப்பு முடியும் இடத்தில் நின்றது. அதற்கு மேல் அரைக் கிலோமீட்டர் நடைதான். முழுக்கைச் சட்டையும் டையுமாக வந்து சேர்ந்தபோது சத்தியசீலனின் முகம் சிவந்திருந்தது. பெண்கள் பாத்தியில் இருந்தார்கள். அவர் கொட்டகைக்குள் வரவில்லை. எல்லோருக்கும் கேட்க வேண்டும் என்று பெட்டியைக் கழற்றிக் கொண்டு வரச் சொல்லி வரப்பிலேயே நின்றார்.

"அறிவியலோட விளையாடியிருக்கீங்க. இந்தம்மா சொன்னாங்கன்னு ஆளாளுக்குப் பொய் சொல்லியிருக்கீங்க."

"பொய்யில்ல சார்" என்றாள் ஜெபக்கனி. "எட்டு வருசமா வேற வார்த்தையில சொன்னோம். நேத்துதான் பேர் சொல்லிச் சொன்னோம்."

"நேத்து மயக்கம், முந்தாநேத்து கண். எது உண்மை?"

"ரெண்டும் ஒண்ணுதான் சார்" என்றாள் பியூலா. "நீங்க இதுக்கு ஒரு காரணம் கேட்டீங்க. இவங்க முதல் வாரப் பதிவைக் கேளுங்க. காரணம் அதுல இருக்கு."

"எந்தப் பதிவும் கேட்க வேண்டியதில்லை. மாதிரி சரியாத்தான் வேலை செய்யுது. இப்பவே காட்டறேன்." அவர் பெட்டியின் பித்தானை அழுத்தி எண் போட்டார். 3117. நெற்றியிலிருந்து வியர்வை காய வழியில்லாமல் வழிந்து கண்ணுக்குள் போனது. டையைத் தளர்த்தினார். "சாதாரண ஆள் இங்க எப்படி இருக்காங்கன்னு..."

"இன்று தங்கள் உடல்நிலை எப்படி?" என்றது இயந்திரம்.

"நான்..." அவர் நிறுத்தினார். ஒரு கை காற்றில் எதையோ தேடியது. "ஒரு நிமிஷம்மா. என்னவோ... கண்ணைக் கட்டுது."

முழங்கால் மடங்கியது. ஜெபக்கனி பலகையைப் போட்டுவிட்டு ஓடிவந்து தாங்கியிருக்காவிட்டால் பாத்திக்குள் முகம் குப்புற விழுந்திருப்பார்.

வரப்பில் கிடந்த பெட்டி அமைதியான குரலில் சொன்னது: "தங்கள் கண் குறை பதிவு செய்யப்பட்டது. கருப்புக் கண்ணாடி அணிந்து பணியைத் தொடரவும். நன்றி."

கொட்டகை நிழலில் கிடத்தி, தலையில் தண்ணீர் ஊற்றி, நான்கு பேர் முந்தானையால் விசிறினார்கள். கால் மணி நேரத்துக்குப் பிறகு அவர் கண் திறந்தார். முதலில் கூரையைப் பார்த்தார்.

"சங்கு... சங்கு ஏன் ஊதலை?"

பியூலா சுவரில் இருந்த ஈர வெப்பமானியைப் பார்த்தாள். "முப்பத்தொண்ணுதான் சார். எல்லைக்கு இன்னும் ஒரு டிகிரி இருக்கு."

பேச்சித்தாய் ஒரு கருப்புக் கண்ணாடியைச் சேலையில் துடைத்து அவர் பக்கத்தில் வைத்தாள். "போட்டுக்கிடுங்க அய்யா. கண்ணு கெட்டுப் போச்சாம். உங்க மிஷினே சொல்லுது."

அவர் அதைத் தொடவில்லை. பியூலாவிடம் மட்டும் கேட்கும்படி சொன்னார். "அந்தப் பதிவை எடுத்துடும்மா. என் குரல் அதுல இருக்கக் கூடாது. நாளைக்கு எவனாவது கேட்டான்னா..."

எட்டு வருடம் எவனும் கேட்கவில்லை. சூசையம்மாவின் பதினோரு நாளையும் எவனும் கேட்கவில்லை. பியூலா பைக்குள் கை விட்டாள். அவர் திருப்பித் தள்ளிய படிவம் மடங்கிப் போய் அதிலேயே இருந்தது.

"பதிவை அழிக்க விதி இல்லை சார். குறியீட்டைத்தான் திருத்தலாம். 'கண்'ணை எடுத்துட்டு என்ன போடட்டும்?"

அவர் அவளைப் பார்த்தார். அவருக்கு விதி தெரியும். அதை எழுதியவரே அவர்தான். ஒன்றை மாற்றினால் என்ன ஆகும் என்றும் தெரியும். ஆனால் உதடு காய்ந்து, சட்டை நனைந்து, ஒரு உப்பளப் பெண்ணின் மடியில் தலை வைத்துக் கிடந்தபோது, வேறு எந்த வார்த்தையையும் அவரால் சொல்ல முடியவில்லை.

"மயக்கம்" என்றார். "வெப்ப மயக்கம்."

கையெழுத்து கோணலாக விழுந்தது. பியூலா அதைப் படமெடுத்து இம்தியாஸுக்கு அனுப்பினாள். அவன் பதில் எழுதவில்லை. திரையை மட்டும் பகிர்ந்தான்.

அவளும் ஜெபக்கனியும் அந்தச் சின்னக் கைபேசியைப் பார்த்துக் கொண்டிருந்தார்கள். மேலிருந்து கீழாக வரிகள் மாறத் தொடங்கின. பதினான்கு இருந்த இடத்தில் வெப்ப மயக்கத்தின் எண், மூன்று. பதினான்கு, மூன்று. பதினான்கு, மூன்று. கீழத்தளம், பக்கத்து அளம், அதற்கும் பக்கத்து அளம். நாற்பத்து மூவாயிரம் வரிகள், மழை இறங்குகிற மாதிரி. மூலையில் எல்லை எண் அசைந்தது. முப்பத்திரண்டு. முப்பது. இருபத்தெட்டில் போய் நின்றது.

தலைக்கு மேல் சங்கு ஒரு தரம் இருமிவிட்டு ஊதியது. குருவிகள் அலறிக்கொண்டு பறந்தன. பாத்தியில் இருந்த பெண்களுக்கு அது என்னவென்றே தெரியவில்லை. "கடல் வருதா? ஏட்டி, கடல் வருதா?" என்று கத்திக்கொண்டு மேட்டை நோக்கி ஓடினார்கள்.

ஜெபக்கனி மட்டும் ஓடவில்லை. "மைனியக் காட்டுங்க" என்றாள்.

பியூலா 3118-ஐத் தேடி எடுத்தாள். சித்திரை மாதத்து வரிகள் பதினொன்றும் மாறியிருந்தன. வெப்ப மயக்கம், வெப்ப மயக்கம், வெப்ப மயக்கம். அதற்குக் கீழே, பன்னிரண்டாம் நாளிலிருந்து நேற்றுவரை, முன்னூற்றுச் சொச்சம் வரிகள் அப்படியே இருந்தன.

குறை இல்லை. குறை இல்லை. குறை இல்லை.

திருத்துவதற்கு அங்கே சொல் எதுவும் இல்லை.